2,14,74,83,647: ஒன்று குறைந்த எண்

இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு இலட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு என்று வாசிக்கப்படும் 2,14,74,83,647, இரண்டின் 31ஆம் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழிக்கக் கிடைப்பது. வழக்கமான எழுத்துமுறையில் அதன் இலக்கங்களிடையே எந்த ஒழுங்கும் புலப்படாவிட்டாலும், 0, 1 ஆகிய இரண்டை மட்டும் கொண்டு எண்களை எழுதும் இரும முறையில் அது 31 ஒன்றுகள் கொண்ட வரிசையாக நிற்கிறது.

இரண்டின் அடுக்குக்கு ஒன்று குறைவான எண்கள், 17ஆம் நூற்றாண்டில் பாரிசில் வாழ்ந்த துறவி மரேன் மெர்சென்னின் பெயரால் மெர்சென் எண்கள் எனப்படுகின்றன. அவற்றுள் ஒன்று பகா எண்ணாக, அதாவது ஒன்றாலும் தன்னாலும் அன்றி வேறெதனாலும் மீதியின்றி வகுபடாத எண்ணாக இருக்க வேண்டுமானால், அதன் அடுக்கும் பகா எண்ணாக இருந்தாக வேண்டும். ஆனால் அது மட்டும் போதாது என்பதற்கு, 11ஆம் அடுக்கில் வரும் 2047 என்பது 23, 89 ஆகியவற்றின் பெருக்கற்பலனாக இருப்பதே சான்று. பகா எண் தரும் அடுக்குகள் என்று 1644இல் மெர்சென் வெளியிட்ட பட்டியலில் 67, 257 ஆகிய அடுக்குகள் தவறாக இடம்பெற்றன. 61, 89, 107 விடுபட்டன. 31ஐப் பற்றி அவர் கூறியது சரியே என்றாலும், அதை நிறுவியவர் கணித அறிஞர் ஆய்லர்.

பீட்டர்ஸ்பர்கில் பார்வையை ஏறக்குறைய முற்றிலும் இழந்திருந்த ஆய்லர் 1772இல் அதை அறிவித்தார். ஓர் எண் பகுபடுமானால் அதன் வர்க்கமூலத்துக்குள் ஒரு வகுத்தி இருந்தே தீரும் என்பதால், இங்கே 46,340 வரையுள்ள ஏறத்தாழ 4,800 பகா எண்களால் வகுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். ஆனால் 2047இன் வகுத்திகளான 23, 89 இரண்டும் 22இன் மடங்கைவிட ஒன்று கூடியிருப்பது போலவே, இந்த எண்ணுக்குப் பகா வகுத்தி இருந்தால் அது 62இன் மடங்கைவிட ஒன்று கூடியதாகவும், 8ஆல் வகுக்க 1 அல்லது 7 மீதி தருவதாகவும் இருக்க வேண்டும். இரு நிபந்தனைகளையும் சேர்த்தால், 248ஆல் வகுக்க 1 அல்லது 63 மீதி தரும் பகா எண்களே தேறுகின்றன. அவை எண்பதை ஒட்டியவை. முதலாவதாக வரும் 311ஆல் வகுக்கும்போது 35 மீதி நிற்கிறது. மற்றவற்றுள்ளும் எதுவும் மீதியின்றி வகுக்கவில்லை. ஆயிரக்கணக்கான வகுத்தல்களைச் செய்யாமலே விலக்கிய இந்த வடிகட்டல்தான் உண்மையான சாதனை.

இந்தப் பகா எண்ணை இரண்டின் 30ஆம் அடுக்கால் பெருக்கினால், 19 இலக்கங்கள் கொண்ட ஒரு நிறைவெண் கிடைக்கிறது. தன்னை விடுத்த வகுத்திகளின் கூட்டுத்தொகைக்குச் சமமான எண்ணே நிறைவெண், 1, 2, 3 ஆகியவற்றின் கூட்டுத்தொகையான 6 போல. இத்தகைய எண்கள் வியப்புக்குரியவையே தவிரப் பயனற்றவை, ஆகவே இதற்கு மேற்பட்டதை எவரும் தேட முனையமாட்டார் என்று 1811இல் கணித அறிஞர் பீட்டர் பார்லோ எழுதினார். ஆனால் 1876இல் மற்றொரு கணித அறிஞரான எதுவார் லூக்காஸ் 39 இலக்கங்கள் கொண்ட மெர்சென் பகா எண்ணை நிறுவிவிட்டார்.

பயனின்மை பற்றிய கூற்றும் நிலைக்கவில்லை. 32 இரும இடங்களுள் ஒன்றைக் கூட்டல், கழித்தல் குறிக்கென ஒதுக்கும் கணினிகளில் எஞ்சும் 31 இடங்களில் அடங்கும் மிகப்பெரிய எண் 2,14,74,83,647தான். 1970ஆம் ஆண்டுத் தொடக்கத்திலிருந்து வினாடிகளை எண்ணி அந்த இடங்களிலேயே சேமிக்கும் பழைய கணினிகளில், 2038 ஜனவரி 19 அன்று இந்திய நேரம் காலை 8:44:07க்குக் கணக்கு நிரம்பி, அடுத்த வினாடியில் காலம் 1901க்குத் தாவிவிடும். இவ்வரம்பு பகாத்தன்மையால் விளைந்ததன்று. சமவாய்ப்பு எண்களைப் போலத் தோன்றும் வரிசைகளை உருவாக்கும் ஒரு முறையோ அதையே சார்ந்தது: 1இல் தொடங்கி, ஒவ்வொரு முறையும் 16,807ஆல் பெருக்கி, 2,14,74,83,647ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டால், 16,807, 28,24,75,249, 1,62,26,50,073 என்று முன்கூட்டி ஊகிக்கவியலாதது போன்ற தொடர் வளர்கிறது. வகுக்கும் எண் பகா எண்ணாகவும் பெருக்கும் எண் அதற்கேற்பத் தேர்ந்தெடுக்கப்பட்டதாகவும் இருப்பதால், 1 முதல் 2,14,74,83,646 வரையுள்ள ஒவ்வோர் எண்ணும் ஒரே ஒரு முறை வந்துபோன பின்னரே மீண்டும் 1 தோன்றுகிறது.