கோபால் ஏன் பாடுவதில்லை?

போபோய்போய் அனிமேஷன் படங்களில் வரும் கோபாலை ஜொகூர்த் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. கண்ட பொருளைத் தின்பண்டமாக மாற்றும் சக்தி படைத்த, சாப்பாடு என்றால் எல்லாவற்றையும் மறக்கிற நம் பையன். சிரிக்க வைக்கிறான், பயந்து ஓடுகிறான், கடைசியில் துணிந்தும் நிற்கிறான். ஆனால் பாட்டுப் பாடிக் கதையை நகர்த்துபவன் அல்லன். டிஸ்னியின் எல்சாவோ பாடிக்கொண்டே பனியில் அரண்மனை கட்டுகிறாள். இந்த வேறுபாட்டுக்கு இசையமைப்பாளரின் ரசனை மட்டுமே காரணமில்லை. படத்தை எந்த நிறுவனங்கள் கூட்டாக எடுக்கின்றன, பணம் யாருடையது, உரிமை யாருடையது என்பதிலேயே பாதி முடிவாகிவிடுகிறது.

இதற்குப் பழைய சாட்சி, பொம்மைகளின் கதையான ‘டாய் ஸ்டோரி’. 1991இல் டிஸ்னியும் பிக்சாரும் மூன்று படங்களுக்கு ஒப்பந்தம் போட்டன. பணமும் விநியோகமும் டிஸ்னியுடையவை. கணினித் தொழில்நுட்பமும் கதையும் பிக்சாருடையவை. அப்போது டிஸ்னியில் பாட்டுப் படங்களின் காலம். மேடை நாடகத்திலிருந்து வந்த ஹோவர்ட் ஆஷ்மனும் ஆலன் மெங்கனும் ‘தி லிட்டில் மெர்மெய்ட்’ படத்தில் கதையையே பாட்டின் மேல் கட்டியிருந்தார்கள். அதே வழியில் பொம்மைகளும் பாட வேண்டும் என்றது டிஸ்னி. இயக்குநர் ஜான் லாசட்டர் தரப்பு ஒப்பவில்லை. இழுபறியில் பிறந்ததுதான் அந்தச் சமரசம்: பாட்டு இருக்கும், பொம்மைகள் பாடமாட்டா. ராண்டி நியூமன் பின்னணியில் பாடினார். பறக்க முடியும் என்று நம்பிய ‘பஸ்’ என்னும் பொம்மை, மாடிப்படியிலிருந்து குதித்துக் கை உடைந்து கிடக்கும் காட்சியில் அந்தப் பொம்மையே பாடியிருந்தால் நெஞ்சு அப்படிக் கனத்திருக்காது. எனக்கு அது ஒப்பந்தச் சண்டை ஈன்றெடுத்த பேரழகு.

செலவுக் கணக்கும் இதில் உண்டு. ஒரு பாத்திரம் பாடினால் உதடு, மூச்சு, தோள் அசைவு எல்லாம் குரலோடு பொருந்த வேண்டும். ஆகவே பாட்டு முதலிலேயே பதிவாகிவிட வேண்டும். காட்சி வரைந்தபின் ஒரு வரியை மாற்றினாலும் வேலை திரும்பவும் தொடங்கும். வேறு மொழிக்குப் போகும்போது உதட்டுக்கு ஏற்ற சொல்லையும் மெட்டுக்கு ஏற்ற குரலையும் தேட வேண்டும். 2013இல் வந்த ‘ஃப்ரோசன்’ படத்தில் எல்சா பாடும் பாடலை 25 மொழிகளில் ஒட்டி ஒரே காணொளியாக டிஸ்னி வெளியிட்டது. அந்தப் பாட்டைக் கேட்ட பிறகுதான் வில்லியாக இருந்த எல்சாவின் பாத்திரத்தையே மாற்றி எழுதினார்கள். பாட்டுக்காகத் திரைக்கதையைப் பிரித்துக் கட்டும் வசதி சிறிய நிறுவனங்களுக்கு எங்கே வாய்க்கிறது?

தமிழில் இந்தப் பாரத்தைச் சுமந்தது ‘கோச்சடையான்’. ஈராஸ் இன்டர்நேஷனலும் மீடியா ஒன் குளோபலும் கைகோத்த படம்; சௌந்தர்யா ரஜினிகாந்த் இயக்கி 2014 மே 23 அன்று வெளிவந்தது. நடிகர்களின் உடலசைவைக் கணினியில் பிடிக்கும் மோஷன் கேப்சர் வேலை லண்டனிலும் திருவனந்தபுரத்திலும் நடந்தது. ரஜினி படத்துக்குரிய பாட்டு வரிசை குறையாமல் ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்தார். எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் குரல் வானளவு உயர்ந்தது. திரையில் முகம் அதற்கு ஈடு கொடுக்கவில்லை. குரலில் இருந்த உயிரை முகத்துக்குக் கொண்டுசேர்க்க இன்னும் எத்தனையோ மாத உழைப்பு தேவைப்பட்டிருக்கும். அந்தப் படத்தைக் கேலி செய்தவர்களோடு நான் சேரமாட்டேன். முதலில் இறங்கியவர்கள் அவர்கள்.

நம் நாட்டில் ‘போபோய்போய் மூவி 2’ படத்தை அனிமோன்ஸ்டா நிறுவனம் ஆஸ்ட்ரோ குழுமத்தின் ஆஸ்ட்ரோ ஷாவுடன் சேர்ந்து 2019இல் கொண்டுவந்தது. தொலைக்காட்சியும் வானொலியும் வைத்திருக்கும் குழுமம் பங்காளியானால், தனியே ஒலிக்கத் தக்க முகப்புப் பாட்டுக்கு வழி எளிது. பாத்திரமே பாடும் பாட்டுக்கு வேறு வகைப் பங்காளி வேண்டும்.

ஜொகூரிலேயே அதற்கு இடம் உண்டு. இஸ்கண்டார் புத்ரியில் அரசு முதலீட்டு நிறுவனமான கஸானா நேஷனல், பிரிட்டனின் பைன்வுட்டுடன் சேர்ந்து எழுப்பிய ஸ்டூடியோவில் ‘மார்க்கோ போலோ’ தொடர் உருவானது. 2019இல் பைன்வுட் பெயர் நீங்கி, அது இஸ்கண்டார் மலேசியா ஸ்டூடியோஸ் ஆயிற்று. அங்குள்ள மிகப் பெரிய அரங்கு 30,000 சதுர அடி. மோஷன் கேப்சர் உடையணிந்து ஒரு குழுவே ஆடலாம். ‘உப்பின் இப்பின்’ அனிமேஷன் தொடரில் வரும் கம்பத்து ராஜூ தன் மாட்டோடு நடந்துகொண்டே தமிழில் ஒரு பாட்டுப் பாடுவதை நான் பார்க்க வேண்டும். அதற்கு ஒப்பந்தம் எழுதும் முதல் நாளே மேசையில் ஒரு தமிழ்ப் பாடலாசிரியர் உட்கார்ந்திருக்க வேண்டும்.