இளமகளிரும் மார்பகப் புற்றுநோய் பற்றிய அறிவும்

மக்களை வருத்தும் நோய்களுள் சில, வலியினால் தம்மை அறிவிப்பன; சில, ஓசையின்றி வளர்ந்து முற்றிய பின்னரே தம் வரவை உணர்த்துவன. மார்பகப் புற்றுநோய் பெரும்பாலும் பின்னைய வகையினதாகும். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி 2022 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 23 இலட்சம் பெண்கள் புதிதாக இந்நோய்க்கு ஆளாயினர். 6 இலட்சத்து 70 ஆயிரம் பேர் மாண்டனர். இலங்கைப் பெண்களிடையே காணப்படும் புற்றுநோய்களுள்ளும் இதுவே முதலிடம் பெறுவது. எனினும், இதனைக் குறித்த பேச்சு நம் இல்லங்களிலும் பள்ளிகளிலும் அருகியே கேட்கப்படுகின்றது. தொடக்கத்திலேயே அறியப்படின் பெரும்பாலும் குணப்படுத்தத்தக்க ஒரு நோய், அறியாமையாலும் நாணத்தாலும் உயிர்கொல்லியாவது எங்ஙனம் என்பதும், அதனைத் தவிர்த்தற்கு இளமகளிர் அறிய வேண்டுவன யாவை என்பதும் ஈண்டு ஆராயப்படும்.

இந்நோய் புதியதொன்றன்று. கி. மு. 1600 ஆம் ஆண்டளவில் எகிப்தில் எழுதப்பெற்ற மருத்துவ ஏடொன்று, மார்பில் எழும் கட்டியை விவரித்து, அதற்கு மருந்தில்லை என்று கூறி அமைகின்றது. கிரேக்க மருத்துவர் இத்தகைய கட்டிகளுக்கு நண்டின் பெயரையே இட்டனர். கி. பி. 1811 இல் ஃபனி பேர்ணி என்னும் ஆங்கில நாவலாசிரியை பாரிசு நகரில் மயக்க மருந்தின்றியே மார்பக அறுவைக்குட்பட்டார். அவ்வேதனையைத் தம் தமக்கைக்கு எழுதிய கடிதத்தில் விரிவாக வரைந்துள்ளார். பின்னர் 1840 வரை அவர் உயிர் வாழ்ந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க அறுவை மருத்துவர் ஹால்ஸ்ரெட் மார்பகத்தையும் அதன்கீழுள்ள தசைகளையும் ஒருசேர அகற்றும் முறையைப் பரப்பினார். அம்முறையே பல பத்தாண்டுகள் நிலவிற்று. நோயின் பெயரைக் கேட்டமாத்திரத்தே பெண்கள் நடுங்கியமைக்கு இவ்வறுவை முறையும் ஒரு காரணமாகும். ஆனால், பேர்ணாட் பிஷர் என்பாரும் அவர்தம் குழுவினரும் 1985 இல் வெளியிட்ட ஆய்வு இந்நிலையை மாற்றியது. சிறிய கட்டியாயின் அதனை மட்டும் அகற்றிக் கதிர்ச் சிகிச்சை அளித்தால், முழு மார்பகத்தையும் அகற்றியவர் வாழுங் காலமே இவர்களும் வாழ்வர் என அவ்வாய்வு நிறுவிற்று. ஆகவே, இன்றும் நம்மிடையே நிலவும் அச்சம், பெரும்பாலும் பழைய மருத்துவத்தின் எச்சமே எனலாம்.

மார்பகத்தினுள்ளே பால் சுரக்கும் சிறு மடல்களும், அப்பாலை முலைக்காம்பிற்குக் கொணரும் நாளங்களும் உள. இந்நாளங்களின் உட்சுவரிலுள்ள கலங்கள் கட்டுப்பாடிழந்து பெருகுவதே பெரும்பாலான மார்பகப் புற்றுநோய்களின் தோற்றமாகும். அவை நாளத்தினுள்ளேயே அடங்கியிருக்குங்கால் ஆபத்து மிகக் குறைவு. சுவரைக் கடந்தபின் அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்களையும், பின்னர் எலும்பு, நுரையீரல், ஈரல், மூளை ஆகியவற்றையும் அவை அடைதல் கூடும். இப்பயணத்தின் எக்கட்டத்தில் நோய் கண்டறியப்படுகின்றது என்பதே நோயாளியின் வாழ்நாளைப் பெரிதும் வரையறுப்பது.

நோய்க்குரிய காரணங்கள் பலவாம். இளவயதிலே பூப்பெய்துதல், மாதவிடாய் காலந்தாழ்த்தி நிற்றல், மகப்பேறின்மை, மதுவருந்துதல், மாதவிடாய் நின்றபின் உடல் பருத்தல் என்பன வாய்ப்பை மிகுவிப்பன. தாய்ப்பாலூட்டல் அதனைக் குறைப்பது. 30 நாடுகளின் 47 ஆய்வுகளைத் தொகுத்து 2002 இல் வெளிவந்த அறிக்கை, பாலூட்டிய ஒவ்வொரு 12 மாதத்திற்கும் வாய்ப்பு 4.3 வீதம் குறைவதாகக் காட்டிற்று. நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரையான நோயாளரிடத்து மரபுவழிக் குறைபாடு காரணமாகும். அக்குறைபாடு தாய்வழி மட்டுமன்றித் தந்தைவழியும் வரக்கூடும் என்பது நினைவிற் கொள்ளற்பாலது. ஆயினும், நோயுற்றோருள் ஏறத்தாழச் செம்பாதியினரிடம் பெண்ணாய்ப் பிறந்தமையும் வயது முதிர்ந்தமையும் அன்றி வேறு காரணம் எதுவும் காணப்படுவதில்லை. ஆதலின் இந்நோயை ஒருத்தியின் ஒழுக்கத்தோடோ ஊழோடோ இணைத்துப் பழிகூறுதல் அறிவுடைமையன்று. இது தொற்றுநோயுமன்று.

இளம்பெண்களிடத்து இந்நோய் அருகியே தோன்றுவது. ஆயினும் தோன்றியவிடத்து அது காலந்தாழ்த்தி அறியப்படுதல் உண்டு. அதற்கு மூன்று காரணங்கள் கூறலாம். முதலாவது, “இது முதியோர்க்கு வருவது” என்னும் எண்ணம். இரண்டாவது, இளையோரின் மார்பகத் திசு அடர்த்தி மிக்கதாகலின் மமோகிராம் என்னும் கதிர்ப்படத்திற் கட்டி மறைந்துவிடுதல். இவர்க்கு ஒலியலைப் படமே பெரிதும் உதவுவது. மூன்றாவது, கருவுற்றோரும் பாலூட்டுவோரும் தோன்றிய கட்டியைப் பால்கட்டு என எண்ணி வாளாவிருத்தல்.

கவனித்தற்குரிய அறிகுறிகள் இவை: மார்பிலோ அக்குளிலோ புதிதாகத் தோன்றிய கட்டி, தோல் குழிவிழுதல் அல்லது தோடம்பழத் தோல்போலத் தடித்தல், காம்பு உள்ளிழுக்கப்படுதல், காம்பிலிருந்து குருதி கசிதல், ஆறாத புண், ஒரு மார்பின் வடிவம் மாறுதல். பெரும்பாலான புற்றுநோய்க் கட்டிகள் தொடக்கத்தில் நோவதில்லை. “நோகவில்லை, ஆகவே தீங்கில்லை” என்பது உயிருக்கே உலைவைக்கும் தவறாகும். அதேவேளை, இளம்பெண்களிடம் தோன்றும் கட்டிகளுட் பெரும்பாலானவை புற்றுநோயல்லாதனவே. கட்டி கண்டவள் அஞ்சவேண்டியதில்லை. ஆனால் வைத்தியரிடம் செல்லாதிருத்தல் ஆகாது. வைத்தியர் கையாற் பரிசோதித்தல், படமெடுத்தல், ஊசியாற் சிறிது திசுவெடுத்து ஆராய்தல் ஆகிய மூன்றும் இணைந்தே உண்மையைத் தெளிவிப்பன.

சுயபரிசோதனை பற்றியும் தெளிவு வேண்டும். சீனத்தின் ஷாங்காய் நகரில் 2 இலட்சத்து 66 ஆயிரம் ஆலைத் தொழிலாளப் பெண்களிடையே நிகழ்ந்த ஆய்வின் முடிவு 2002 இல் வெளியாயிற்று. முறைப்படி சுயபரிசோதனை பயிற்றப்பட்டோரிடையே இறப்புக் குறையவில்லை. தீங்கற்ற கட்டிகளுக்கான சோதனைகளே மிகுந்தன. மாறாக, மும்பையில் 35 முதல் 64 வயதுவரையான ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பெண்களிடையே 20 ஆண்டுகள் நிகழ்ந்து 2021 இல் வெளியான ஆய்வு பிறிதொன்றைக் காட்டிற்று. அங்கே ஒரு பகுதியினரைப் பயிற்சிபெற்ற சுகாதாரப் பணியாளர் இரண்டாண்டுக்கு ஒருமுறை கையாற் பரிசோதித்தனர். அவரிடத்து நோய் முற்றுமுன் கண்டறியப்பட்டதோடு, 50 வயதைக் கடந்தோரிடையே இறப்பு ஏறத்தாழ 30 வீதம் குறைந்தது. இவ்விரண்டையும் ஒப்புநோக்கின், ஒருத்தி தன் உடலின் இயல்பை அறிந்திருத்தல் நன்றேயாயினும், மாற்றம் கண்டவிடத்துப் பயிற்சி பெற்றார் கை அதனைச் சோதித்தலும் சிகிச்சை தொடர்தலுமே உயிர்காப்பன என்பது பெறப்படும்.

உலகச் சுகாதார நிறுவனம் 2021 இல் தொடங்கிய திட்டமும் இதனையே வலியுறுத்துகின்றது. முதன்முறை வைத்தியரை நாடிய நாளிலிருந்து 60 நாட்களுக்குள் நோய் இன்னதெனத் தெளியப்படவேண்டும் என்பது அதன் குறிக்கோள்களுள் ஒன்று. நம் நாட்டில் அரசாங்க வைத்தியசாலைகளிற் சிகிச்சை கட்டணமின்றியே அளிக்கப்படுகின்றது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளைச் சார்ந்த மகளிர் நலக் கிளினிக்குகள் 1996 முதல் நடைபெறுகின்றன. மகரகமவிலும் தெல்லிப்பழையிலும் புற்றுநோய்க்கெனவே அமைந்த வைத்தியசாலைகள் உள. எனவே, வழியிருந்தும் செல்லாமையே நம்மிடையுள்ள குறையாகும்.

செல்லாமைக்குக் காரணம் பலவிடத்து நாணமே. மணமாகாத பெண் கட்டியொன்றைக் கண்டால், தாய்க்கும் கூறத் தயங்குகின்றாள். கூறினாலும், “ஊரறிந்தால் கலியாணம் தடைப்படும்” என்று மறைப்போர் உளர். மாதங்கள் கழிகின்றன, நோயோ காத்திருப்பதில்லை. இம்மௌனத்தைப் போக்குதல் பெண்கள் கல்லூரிகளின் கடமை மட்டுமன்று. வீட்டிற் பணத்தையும் பயணத்தையும் தீர்மானிப்போர் பலர் ஆடவரே. தமக்கையும் தங்கையும் தாயும் தயங்காது வாய்திறக்கத்தக்க சூழலை ஆக்குதலும், அவரை உடனே வைத்தியரிடம் அழைத்துச் செல்லுதலும் கற்ற ஆடவர்க்குரிய பொறுப்புகளாம். உடற்கூற்றியலைப் பரீட்சைக்கென மட்டும் பயிலும் கல்வி குறையுடையது. அவ்வறிவு வீட்டில் ஓருயிரைக் காக்குமாயின் அதுவே கல்வியாற் பெறும் பயனாகும்.