அவரவர் அளவில் ஒரு பயிற்சி

பதுளை, பசறை, அப்புத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் 'பேர்' என்ற சொல்லுக்குத் தனிப் பொருள் உண்டு. அன்றைக்கு விதித்த கிலோ அளவுக்குக் கொழுந்து எடுத்தவருக்கு முழுப் பேர். எடுக்க முடியாமற் போனவருக்கு அரைப் பேர். இருபது வயதுக் குமரியும் ஐம்பதைத் தாண்டிய தாயும் ஒரே தராசின் முன்னால்தான் நிற்க வேண்டும். இரத்தசோகையோடு மலை ஏறியவளா, முழங்கால் வலியோடு இறங்கி வந்தவளா என்று தராசு கேட்பதில்லை.

கூலிக் கணக்கு அப்படி இருக்கின்றது. ஆனால் உடற்பயிற்சிக்கும் நம்மில் பலர் இதே தராசைத்தான் தூக்கி வைத்திருக்கின்றோம். கைத்தொலைபேசியில் ஒரு வாலிபன் குதித்துக் குதித்துச் செய்யும் பயிற்சியைப் பார்க்கின்றோம். ஒன்று, அதை அப்படியே செய்யப் போய் இடுப்பைப் பிடித்துக்கொள்கின்றோம். அல்லது, "இதெல்லாம் நமக்கு ஆகாது" என்று ஒதுங்கிவிடுகின்றோம். இரண்டுமே நஷ்டம்தான். இலங்கையில் வளர்ந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சீனி வியாதி இருக்கும் இந்தக் காலத்தில், ஒதுங்கி உட்காருவது சின்ன நஷ்டம் அல்ல.

வேகப் பயிற்சி என்பது என்ன?

குறுகிய நேரத்தில், மூச்சு வாங்கும் அளவுக்கு, அன்றாட வாழ்வில் நாம் செய்யும் அசைவுகளையே திரும்பத் திரும்பச் செய்வதுதான் வேகப் பயிற்சி. குந்தி எழும்புதல், தள்ளுதல், தூக்குதல், சுமந்து நடத்தல், படி ஏறுதல் ஆகியவையே அதன் அடிப்படை. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் கிரெக் கிளாஸ்மன் தொடங்கிய 'குரொஸ்ஃபிட்' இதை உலகெங்கும் பரப்பியது. அங்கே அன்றைய பயிற்சியைப் பலகையில் எழுதிவைப்பார்கள். எழுதியபடியே செய்தவர் ஒரு வகை, தம் அளவுக்கு மாற்றிச் செய்தவர் இன்னொரு வகை என்று குறிப்பதும் உண்டு. நம் தோட்டத்து முழுப் பேர், அரைப் பேர் போலத்தான்!

ஆனால் விஞ்ஞானம் இந்தக் கணக்கை ஒப்புவதில்லை. மூன்று ஆய்வுகளைப் பார்ப்போம்.

1990ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில், முதியோர் பராமரிப்பு இல்லமொன்றில் இருந்த 90 வயதை ஒட்டிய 10 பேருக்கு எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். ஒவ்வொருவரும் ஒரே ஒரு தடவை எவ்வளவு தூக்க முடியும் என்று முதலில் பார்த்தார்கள். அதில் பாதியில் தொடங்கி, பின்பு 80 சதவீதம் வரை கூட்டினார்கள். 8 வாரங்களில் முடித்தவர்களின் கால் வலிமை சராசரியாக இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்தது. ஒரு வாலிபனுக்கு அந்த எடை விளையாட்டுப் பொருள். அந்த முதியவர்களுக்கோ அது கடும் பயிற்சி.

1996ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆய்வாளர் இசுமி தபாட்டா வெளியிட்ட ஆய்வு இன்று உலகப் புகழ் பெற்றது. 20 செக்கன் முழு வேகம், 10 செக்கன் ஓய்வு என்று ஏழெட்டுச் சுற்று. ஏறத்தாழ நான்கே நிமிடம். ஆனால் அதில் பங்கெடுத்தவர்கள் உடல் உறுதி மிக்க இளைஞர்கள் என்பதைப் பலரும் சொல்வதில்லை. அவர்களுடைய அளவை நம் வீட்டு உம்மம்மாவுக்குக் கொடுத்தால் அது பயிற்சியாகாது, வினையாகும்.

2007ஆம் ஆண்டில் நோர்வே நாட்டில், மாரடைப்பின் பின் இதயம் பலவீனப்பட்ட, சராசரி வயது 75 ஆன நோயாளிகள் 27 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் ஒரு பிரிவினர் 12 வாரம், வைத்திய மேற்பார்வையில், நான்கு நிமிட வேகப் பகுதிகளாகப் பயிற்சி செய்தார்கள். அது என்ன பயிற்சி தெரியுமா? ஓட்டம் அல்ல, இயந்திரத்தில் மேட்டில் நடப்பதுபோன்ற நடை. மெதுவாக நீண்ட நேரம் நடந்தவர்களை விட இவர்களுடைய உடல் ஒக்சிசனைப் பயன்படுத்தும் திறன் அதிகம் கூடியது. மேட்டு நடை! பண்டாரவளையிலும் எல்லயிலும் வாசற்படியை விட்டு இறங்கினாலே கிடைக்கும் மேடு!

மூன்றும் சொல்வது ஒன்றுதான். பயிற்சியின் கடுமையை எடை தீர்மானிப்பதில்லை. செய்பவரின் மூச்சு தீர்மானிக்கின்றது. பாதி எடையைத் தூக்கியவருக்கும் அதே அளவு மூச்சு வாங்கினால், அவருக்கும் முழுப் பேர்தான்.

எதை மாற்றலாம்?

பயிற்சியின் வகையை விட்டுவிடாமல் அளவை மட்டும் மாற்ற நான்கு வழிகள் உண்டு. சுமையைக் குறைக்கலாம். தடவைகளைக் குறைக்கலாம். குந்தும் ஆழத்தைக் குறைக்கலாம். ஓய்வைக் கூட்டலாம். முழங்கால் வலிக்கின்றது என்பதற்காகக் குந்துவதையே விட்டால், நாளை கழிப்பறையில் இருந்து எழும்புவதும் சிரமமாகிவிடும். ஆகவே குந்துங்கள், ஆனால் நாற்காலி வரை மட்டும் குந்துங்கள்.

ஒரு வீட்டில் மூன்று தலைமுறை இருப்பதாக வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு நிமிடம், ஒரே பயிற்சி. முடியும் வரை சுற்றுச் சுற்றாகச் செய்ய வேண்டும்.

இருபது வயது மகன்: முழு ஆழத்திற்குக் குந்தி எழும்புதல் 15, தரையில் தண்டால் 10, பத்து லீற்றர் வாளி இரு கையிலும் பிடித்து மேட்டில் 40 அடி நடை.

நாற்பது வயது உம்மா: ஸ்டூல் வரை உட்கார்ந்து எழும்புதல் 10, உறுதியான மேசை விளிம்பைப் பிடித்துத் தண்டால் 8, பாதி நிரம்பிய வாளி இரண்டோடு சமதரையில் 40 அடி நடை.

அறுபத்தைந்து வயது உம்மம்மா: கைபிடியுள்ள நாற்காலியில் இருந்து எழும்புதல் 6, சுவரில் கை ஊன்றித் தள்ளுதல் 8, கைக்கொரு லீற்றர் தண்ணீர்ப் போத்தலோடு 20 அடி நடை, சுற்றுக்குச் சுற்று உட்கார்ந்து ஓய்வு.

தண்ணீர் ஒரு லீற்றர் ஒரு கிலோ. ஆகவே வாளியே நம் தராசு. பீலியில் தண்ணீர் பிடிக்கும் வீட்டுக்கு வேறு கருவி எதற்கு? வெளியே போகவும் வேண்டாம்; சகோதரிகளே, வீட்டு அறை ஒன்றும் பின்கட்டும் போதும்.

அளவு சரிதானா என்று அறியப் பேச்சே கருவி. இடையில் நீண்ட வாக்கியம் தடையின்றிப் பேச முடிந்தால் மகனுக்குச் சுமை போதாது. மூன்று நான்கு சொல்லோடு மூச்சு வாங்கினால் சரியான அளவு. ஒரு சொல்லும் வரவில்லை என்றால் உடனே வேகத்தைக் குறைக்க வேண்டும். உம்மம்மா மட்டும் எப்போதும் ஒரு சிறு வாக்கியம் பேசக் கூடிய நிலையிலேயே நிற்கட்டும்.

முதல் இரண்டு வாரம் வேகமே வேண்டாம், அசைவுகளைப் பழகுங்கள். பின்பு வாரத்தில் மூன்று நாள், இடையில் ஒரு நாள் ஓய்வு விட்டுச் செய்யுங்கள். கூட்டும்போது சுமை, தடவை, ஆழம் ஆகியவற்றில் ஒன்றை மட்டும் கூட்டுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது, வளர்ந்தவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் நடுத்தரப் பயிற்சி, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடும் பயிற்சி. மூன்று நாளில் 36 நிமிடம் கிடைத்துவிடுகின்றது. மிச்சத்தைச் சுறுசுறுப்பான நடையால் நிரப்பலாம்.

"நாள் முழுக்க மலை ஏறுகின்றேனே!"

கொழுந்து எடுக்கும் தாய் இப்படிக் கேட்டால் அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. அவருடைய உழைப்பு பயிற்சிக் கூடத்தாரின் உழைப்பை விடப் பெரிது. ஆனால் அது பல மணி நேரம் ஒரே வகை அசைவு, முதுகிலும் கழுத்திலும் ஒரே பக்கச் சுமை, ஓய்வு குறைவு. இறக்கத்தில் சுமையோடு வருவது தொடைத் தசையையும் முழங்காலையும் அதிகம் வருத்தும். எனவே வேலை நாளில் அவருக்குத் தேவை இன்னொரு களைப்பு அல்ல. தோளையும் முதுகையும் தளர்த்தும் அசைவுகளும், சுவரில் தள்ளுவது போன்ற எளிய பலப் பயிற்சியும் பத்து நிமிடம் போதும். வேகப் பயிற்சி, நன்றாகச் சாப்பிட்டு உறங்கிய ஓய்வு நாளில் மட்டும். பதுளை நகரில் கடைக் கல்லாவிலும் அலுவலகத்திலும் உட்கார்ந்தே இருப்பவருக்குத்தான் அது அவசரத் தேவை.

கவனிக்க வேண்டியவை

சீனி வியாதி, பிரஷர், இதய நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், சிசேரியன் செய்துகொண்டவர்கள் வைத்தியரைக் கேட்ட பின்பே தொடங்க வேண்டும். அரச வைத்தியசாலைகளின் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களில் பிரஷரையும் சீனியையும் இலவசமாகச் சோதித்துக்கொள்ளலாம். இரத்தசோகை உள்ளவர் முதலில் அதற்குச் சிகிச்சை பெறட்டும். சீனி வியாதிக்கு ஊசி அல்லது மாத்திரை எடுப்பவர் பக்கத்தில் சீனியோ குளுக்கோசோ வைத்துக்கொள்ள வேண்டும். சுமை தூக்கும்போது மூச்சை அடக்காதீர்கள். அது பிரஷரை உயர்த்தும்.

நோன்பு காலத்தில் பகலில் வேகப் பயிற்சி வேண்டாம். நோன்பு திறந்து, தண்ணீர் நன்றாகக் குடித்து, இரண்டு மணி நேரமாவது கழித்துப் பாதி அளவில் செய்யுங்கள்.

மறுநாள் தசை வலிப்பது இயல்பு. இரண்டு மூன்று நாளில் மாறிவிடும். ஆனால் மூட்டில் குத்தும் வலி வந்தால் நிறுத்துங்கள். பழக்கமில்லாத உடம்பைத் திடீரென்று வதைத்தால் தசை நார்கள் சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். சிறுநீர் சாயத் தண்ணீர் போலக் கறுத்துப் போனால் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். நெஞ்சில் அழுத்தம், இடது கை அல்லது தாடையில் வலி, குளிர் வியர்வை ஏற்பட்டால் 1990 இலக்கத்துக்கு அழைத்து இலவச அம்புலன்சை வரவழையுங்கள்.

நாளைக் காலை ஒரு நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போடுங்கள். கையூன்றாமல் எத்தனை தடவை நிதானமாக எழும்ப முடிகின்றது என்று வீட்டில் ஒவ்வொருவரும் எண்ணிப் பாருங்கள். அதில் பாதிதான் அவரவரின் முதல் வார அளவு. கையூன்றாமல் எழும்ப முடியாதவர் கைபிடியைப் பிடித்து எழும்பி, அப்படியே எண்ணட்டும். அவருடைய கணக்கு அங்கிருந்து தொடங்கும்.