மருத்துவ ஆராய்ச்சி எப்படி நடக்கிறது? மக்களுக்கு விளக்கும் அறிவியல் அருங்காட்சியகங்கள்

புதுதில்லி: புதிய மருந்தோ தடுப்பூசியோ புழக்கத்துக்கு வரும்போது அதன் பெயரும் விலையும் மக்களுக்கு எளிதில் தெரிந்துவிடுகின்றன. அது எவ்வாறு, யாரிடம் சோதிக்கப்பட்டது என்பது பெரும்பாலும் தெரிவதில்லை. இந்த இடைவெளியைக் குறைக்கும் பணியில் நாட்டின் அறிவியல் அருங்காட்சியகங்கள் ஈடுபட்டுள்ளன.

தில்லியில் உள்ள தேசிய அறிவியல் மையத்தில் 2022 நவம்பரில் தடுப்பூசிகள் குறித்த சர்வதேசக் கண்காட்சி தொடங்கியது. மத்திய கலாசார அமைச்சகத்தின் கீழ் இயங்கும் தேசிய அறிவியல் அருங்காட்சியகங்கள் கவுன்சிலும், லண்டன் அறிவியல் அருங்காட்சியகக் குழுமமும் இணைந்து இதை உருவாக்கின. இதற்கு முன்பு 2019 செப்டம்பரில், ஆன்டிபயாடிக் மருந்துகளுக்குக் கட்டுப்படாத கிருமிகள் பற்றிய கண்காட்சியும் இதே மையத்தில் தொடங்கப்பட்டது.

முடிவு மட்டுமல்ல, வழிமுறையும்

தடுப்பூசிக் கண்காட்சி, புதிய வைரஸின் வருகை, தடுப்பூசி வடிவமைப்பு, பரிசோதனைகளும் ஒப்புதலும், பெருமளவு உற்பத்தி, மக்களுக்கு வழங்குதல் எனப் படிப்படியாக அமைக்கப்பட்டது. கண்டுபிடிப்பை மட்டும் காட்டாமல், அதற்குப் பின்னால் உள்ள ஆராய்ச்சியின் படிநிலைகளையும் காட்டியதே இதன் சிறப்பு.

மனிதர்களிடம் நடத்தப்படும் பரிசோதனை வழக்கமாக மூன்று கட்டங்களைக் கொண்டது. முதல் கட்டத்தில் சிலரிடம் பாதுகாப்பு சோதிக்கப்படுகிறது. இரண்டாம் கட்டத்தில் எவ்வளவு மருந்து தேவை, உடல் அதற்கு எவ்வாறு எதிர்வினையாற்றுகிறது என்பவை ஆராயப்படுகின்றன. மூன்றாம் கட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் குலுக்கல் போன்ற முறையில் இரு பிரிவுகளாகப் பிரிக்கப்படுகின்றனர். ஒரு பிரிவினருக்கு உண்மையான தடுப்பூசியும், மற்றொரு பிரிவினருக்கு மருந்தில்லாத ஊசியும் செலுத்தப்பட்டு ஒப்பிடப்படுகின்றன.

77.8 சதவீதம் என்றால் என்ன?

இந்த ஒப்பீட்டை அறியாதவருக்குச் செய்தியில் வரும் சதவீதம் தவறான பொருளைத் தரக்கூடும். கோவேக்சின் தடுப்பூசியின் திறன் 77.8 சதவீதம் என 2021-இல் வெளியிடப்பட்டது. தடுப்பூசி செலுத்திக்கொண்ட 100 பேரில் 22 பேருக்குத் தொற்று ஏற்படும் என்பது இதன் பொருள் அன்று. ஏறத்தாழ 25,800 பேர் பங்கேற்ற அந்தப் பரிசோதனையில், திறனைக் கணக்கிட 130 தொற்றுகள் எடுத்துக்கொள்ளப்பட்டன. அவற்றில் 106 தொற்றுகள் மருந்தில்லாத ஊசி பெற்றவர்களுக்கும், 24 தொற்றுகள் தடுப்பூசி பெற்றவர்களுக்கும் ஏற்பட்டிருந்தன. இவ்விரு எண்களுக்கும் இடையிலான வேறுபாட்டிலிருந்தே அந்தச் சதவீதம் கிடைக்கிறது.

ஒப்புதல் யாருடையது?

எண்களைப் புரிந்துகொள்வதைவிட முக்கியமானது, ஆராய்ச்சியில் பங்கேற்போரின் உரிமை. கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி தொடர்பாக 2009-இல் ஒருங்கிணைந்த ஆந்திரத்திலும் குஜராத்திலும் 10 முதல் 14 வயது வரையிலான சிறுமிகளிடையே ஓர் ஆய்வுத் திட்டம் தொடங்கப்பட்டு, 2010 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. ஆந்திரத்தின் 9,543 ஒப்புதல் படிவங்களில் 2,763 படிவங்களில் விடுதிக் காப்பாளர்களே கையெழுத்திட்டிருந்ததை 2013-இல் வெளியான நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கை சுட்டிக்காட்டியது. 1,948 படிவங்களில் கைரேகை மட்டுமே இருந்தது.

அக்காலத்தில் நேர்ந்த சிறுமிகளின் மரணங்களுக்குத் தடுப்பூசி காரணமாக இருக்க வாய்ப்பில்லை என்றே விசாரணைக் குழு கருதியது. எனினும் ஒப்புதல் பெற்ற முறையில் குறைகள் இருந்ததை அக்குழுவும் பதிவு செய்தது. தடுப்பூசியின் பாதுகாப்பு ஒரு கேள்வி, ஆய்வு நடத்தப்பட்ட முறை மற்றொரு கேள்வி. இரண்டையும் பிரித்தறிய மக்களுக்கு வாய்ப்பில்லாதபோது, ஒன்றின் மீதான ஐயம் மற்றொன்றின் மீதும் படிகிறது.

புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகள் 2019-இல் நடைமுறைக்கு வந்தன. பங்கேற்பாளருக்கு முழு விவரமும் தெரிவித்து ஒப்புதல் பெற வேண்டும். அவர் எந்நேரமும் விலகிக்கொள்ளலாம். பரிசோதனையால் பாதிப்பு நேர்ந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் பெற அவருக்கு உரிமை உண்டு.

நோயுற்ற ஒருவர் மருத்துவமனையில் படிவத்துடன் அமர்ந்திருக்கும் வேளையில் இவற்றை முதன்முறையாகக் கேட்டறிவது கடினம். அருங்காட்சியகத்தில் அந்த நெருக்கடி இல்லை. முடிவெடுக்க வேண்டிய கட்டாயமின்றி எவரும் கேள்வி கேட்கலாம். பள்ளி மாணவர்களும் பெற்றோரும் ஒன்றாகவே பார்க்கலாம்.

ஆயினும் பெரிய அறிவியல் மையங்கள் பெரும்பாலும் நகரங்களிலேயே உள்ளன. ஒப்புதல் படிவத்தில் கைரேகை வைக்கும் நிலையில் இருப்போரில் பலர் கிராமங்களிலும் பழங்குடிப் பகுதிகளிலும் வாழ்கின்றனர். கொல்கத்தாவின் பிர்லா தொழில் மற்றும் தொழில்நுட்ப அருங்காட்சியகம் 1965-இல் தொடங்கிய நடமாடும் அறிவியல் கண்காட்சி, இன்று பேருந்துகளாகப் பல மாநிலங்களின் கிராமப் பள்ளிகளுக்குச் சென்று வருகிறது. மருந்து எவ்வாறு செயல்படுகிறது என்பதுடன், அதைச் சோதிக்கும்போது மறுக்கும் உரிமை யாருக்கு உண்டு என்ற செய்தியையும் அப்பேருந்துகள் கொண்டுசெல்ல வேண்டியுள்ளது.