பாறைக்குள் ஒரு வைக்கோற்போர்

வட அமெரிக்காவின் ராக்கி மலைத்தொடரிலும் சியரா நெவாடா மலைகளிலும், மரங்களே வளர முடியாத உயரத்தில், உடைந்த பாறைகள் குவிந்து கிடக்கும் சரிவுகள் உண்டு. பல மாதங்கள் பனி மூடிக் கிடக்கும் அவ்விடமே பைகா என்னும் சிற்றுயிரின் வீடு. எடை ஏறத்தாழ 150 கிராம், வட்டமான காதுகள், வெளியே தெரியாத வால். பார்த்தவுடன் எலி என்றே எண்ணுவோம். உண்மையில் இது முயலுக்கு உறவு!

குளிர் வந்ததும் பறவைகள் பல வெப்பமான நாடுகளுக்குப் பறந்துவிடுகின்றன. அதே மலையில் வாழும் மார்மட் என்னும் பெரிய அணில் வகை, உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு வளைக்குள் மாதக்கணக்கில் உறங்குகிறது. பைகாவோ ஊரை விட்டுப் போவதுமில்லை, உறங்கிக் கிடப்பதுமில்லை. பின் எதை உண்டு உயிர் வாழ்கிறது?

விடை கோடையில் இருக்கிறது. புல்லையும் பூச்செடிகளையும் கடித்து, வாய் நிறையக் கவ்விக்கொண்டு, பைகா பாறை இடுக்குக்கு ஓடுகிறது. ஒரு பருவத்தில் ஆயிரக்கணக்கான நடைகள்! நம் உழவர் போர் போடுவதுபோல அங்கே ஒரு வைக்கோற்போர் உயர்கிறது. அதில் ஒரு நுட்பமும் உண்டு. சில செடிகளில் நச்சுப்பொருள் மிகுதி. பறித்தவுடன் தின்றால் ஆகாது. பைகா அவற்றையும் சேர்த்து வைக்கிறது. அந்த நச்சே போர் கெடாமல் காக்கிறது. நாள் செல்லச் செல்ல அதன் வீரியம் குறைய, குளிர்காலத்தில் அச்செடிகளும் உணவாகின்றன.

குளிரிலிருந்து காப்பது எது? முதலாவது, உள்ளங்காலிலும் வளர்ந்துள்ள அடர்ந்த மயிர். இரண்டாவது, வியப்பாகத் தோன்றினாலும், பனியேதான்! பனிப்படலத்துக்குள் சிறைப்பட்ட காற்று கம்பளிபோல் வேலை செய்கிறது. வெளியே கடுங்குளிர் வாட்டும்போதும், ஆழ்ந்த பனியின் அடியில் வெப்பநிலை 0 பாகைக்கு அருகிலேயே நிற்கிறது.

ஆனால் குளிரில் காக்கும் அதே மயிர்ப்போர்வை வெயிலில் பகையாகிறது. பைகாவின் உடல் வெப்பம் சுமார் 40 பாகை செல்சியஸ். அதற்கு மேல் 3 பாகை கூடினாலே உயிருக்கு ஆபத்து. ஆகவே வெயில் ஏறியதும் பாறைகளுக்கு அடியிலுள்ள குளிர்ச்சியை நாடி ஒளிந்துகொள்கிறது. உலகம் வெப்பமாகிவரும் இந்நாளில் இதுவே கவலை. அமெரிக்காவின் கிரேட் பேசின் என்னும் வறண்ட பகுதியில், முன்பு பைகா வாழ்ந்த 25 இடங்களை ஆராய்ந்தபோது, 7 இடங்களில் அது காணப்படவில்லை என்று 2003இல் வெளியான ஆய்வு கூறியது. கோடை வெப்பம் மிகுந்தால் வெளியே வந்து புல் சேர்க்கும் நேரம் குறையும். பனி குறைந்தால் குளிர்காலத்தில் போர்வையும் இல்லாமற்போகும்.

தோழியரே, எறும்பைப் பார்த்து ஞானம் பெறச் சொல்கிறது நீதிமொழிகள் ஆகமம். பைகாவும் அத்தகைய ஆசிரியரே. காலத்தில் உழைத்துச் சேமிக்கும் தன் கடமையை அது குறைவறச் செய்கிறது. ஆனால் உருகும் பனியை அதன் உழைப்பால் நிறுத்த முடியாது. இறைவன் அந்தச் சிற்றுயிருக்குத் தந்த குளிர்ந்த வீட்டைக் காப்பது மனிதராகிய நம் கடமையன்றோ!