ஒரு தீர்ப்பைப் பாராத பிழை

"எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது" என்பது நம் முன்னோர் வாக்கு. எழுதிவைத்த கணக்கை எடுத்துப் பாராதவர்க்கும் அழுகையே மிஞ்சும் என்பதற்கு அமெரிக்க நாட்டின் வரலாற்றிலே ஒரு சான்று உண்டு.

அந்நாட்டின் ஏழாவது ஜனாதிபதியாக விளங்கியவர் அன்ட்ரூ ஜக்சன். அவருடைய மனைவி றேச்சல் அம்மையார், அவரை மணப்பதற்கு முன், 1785ஆம் ஆண்டிலே லூயிஸ் றொபாட்ஸ் என்பவருக்கு வாழ்க்கைப்பட்டிருந்தார். அவ்வாழ்வு இனிது அமையவில்லை. கணவரின் சந்தேகத்தையும் கடுமையையும் பொறுக்கமாட்டாத றேச்சல், கென்டக்கிப் பகுதியிலிருந்த புகுந்த வீட்டை விட்டு, நாஷ்வில் நகரிலிருந்த தாயாரிடம் திரும்பினார். 1790இல் றொபாட்ஸ் விவாகரத்துக் கோரி வேர்ஜீனியாச் சட்டசபைக்கு விண்ணப்பித்தார். கென்டக்கி அக்காலத்தில் வேர்ஜீனியாவைச் சேர்ந்திருந்தது. சிறிது காலத்தில், "விவாகரத்துக் கிடைத்துவிட்டது" என்ற செய்தி நாஷ்வில்லை எட்டிற்று. அதனை நம்பியே 1791இல் றேச்சலும் ஜக்சனும் மணம் புரிந்துகொண்டனர் என்பது ஜக்சன் தரப்பினர் பின்னாளிற் கூறிய விளக்கம்.

உண்மை வேறாக இருந்தது. சட்டசபை வழங்கியது விவாகரத்தன்று. நீதிமன்றத்திலே வழக்குத் தொடரலாம் என்ற அனுமதி மாத்திரமே. வழக்கு நடந்து, கென்டக்கியின் மேர்சர் கவுண்டி நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1793 செப்டெம்பர் மாதத்திலேதான். அதுவரையில் றேச்சல் சட்டத்தின் கண்ணில் றொபாட்ஸின் மனைவியே. உண்மை தெரிந்ததும் 1794 ஜனவரியில் இருவரும் மீண்டும் ஒருமுறை மணம் செய்துகொண்டனர். ஆயினும் பழி நீங்கவில்லை. 1828ஆம் ஆண்டுத் தேர்தலிலே எதிர்த்தரப்புப் பத்திரிகைகள் பழைய கதையைக் கிளறி, அறுபது வயதை அடைந்திருந்த அம்மையாரை வாய்க்கு வந்தபடி தூற்றின. தேர்தலில் ஜக்சன் வென்றார். கணவர் பதவியேற்கும் நாளைக் காணாமலே, அவ்வாண்டு டிசெம்பர் 22ஆந் திகதி றேச்சல் மாரடைப்பால் மறைந்தார். அவதூறே தம் மனைவியின் உயிரைக் கவர்ந்தது என்று ஜக்சன் இறுதிவரை நம்பினார்.

இருவரும் உண்மையை அறிந்தே முதலில் மணந்தனர் என்று கருதும் வரலாற்றாசிரியரும் உளர். அவ்விவாதம் எவ்வாறாயினும், ஒன்று தெளிவு. ஜக்சன் தாமே ஒரு சட்டத்தரணி. தீர்ப்பு இருக்கிறதா என்று உரிய நீதிமன்றத்தின் ஏட்டைப் பார்த்திருந்தால், அந்தப் பழிச்சொல்லுக்கே இடமிருந்திராது.

பத்திரம் உறங்கும் இடம்

இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. எனினும் அமெரிக்காவிலே விவாகரத்துப் பத்திரங்கள் இன்றும் அவ்வண்ணமே பெரும்பாலும் கவுண்டிதோறும் சிதறிக் கிடக்கின்றன. கவுண்டி என்பது மாநிலத்தின் உட்பிரிவு. நம் நாட்டு மாவட்டத்தை ஒருவாறு ஒத்தது. அமெரிக்காவில் இத்தகைய பிரிவுகள் 3,000க்கு மேல் உள்ளன. ரெக்சாஸ் மாநிலத்தில் மட்டும் 254 கவுண்டிகள்! லூயிசியானாவில் இப்பிரிவுக்குப் 'பாரிஷ்' என்று பெயர்.

நாடு முழுவதற்குமான விவாகரத்து ஏடு எதனையும் வாஷிங்டன் அரசாங்கம் வைத்திருக்கவில்லை. 1867 முதல் 1886 வரையுள்ள இருபது ஆண்டுகளில் எத்தனை விவாகங்கள் முறிந்தன என்று அறிய அவ்வரசாங்கமே விரும்பியபோது, நீதிமன்றங்களின் ஏடுகளிலிருந்தே கணக்கைத் திரட்ட வேண்டியதாயிற்று. 1889இல் வெளிவந்த அவ்வறிக்கை கண்ட தொகை 328,716.

ஆகவே, தேடுவோர் முதலிற் கேட்க வேண்டிய கேள்வி, "விவாகம் எங்கே நடந்தது?" என்பதன்று, "பிரிந்த காலத்தில் கணவனோ மனைவியோ எங்கே வசித்தார்?" என்பதேயாகும். பொதுவாக, வழக்குத் தொடுப்பவர் சட்டம் குறித்த காலம்வரை அவ்விடத்தில் வசித்திருக்க வேண்டும். மணம் சிக்காகோவில் நடந்திருக்கலாம். தீர்ப்பு கலிபோர்ணியாவில் இருக்கலாம்.

இதிலும் ஒரு விந்தை உண்டு. நியூயோர்க் மாநிலத்திலே நெடுங்காலம் பிறன்மனை நாடிய குற்றம் ஒன்றே விவாகரத்துக்குக் காரணமாக ஏற்கப்பட்டது. 1966இல் இயற்றப்பட்டு அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்த சட்டமே அந்நிலையை மாற்றிற்று. நெவாடா மாநிலமோ 1931இல், ஆறு வாரம் அங்கு வசித்தாற் போதும் என்று விதித்தது. எனவே வசதி படைத்தோர் பலர் றீனோ நகருக்குச் சென்று ஆறு வாரம் தங்கி, தீர்ப்புடன் வீடு திரும்பினர். நியூயோர்க்கிலேயே வாழ்ந்து மறைந்த ஒருவரின் தீர்ப்பு, றீனோ அடங்கிய வாஷோ கவுண்டியின் ஏட்டில் இருப்பதன் காரணம் இதுவே.

மூன்று வகைப் பத்திரங்கள்

எழுதிக் கேட்பதற்கு முன், எது வேண்டும் என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். முதலாவது, அத்தாட்சிப் பத்திரம். இருவர் பெயர், தீர்ப்பின் திகதி, கவுண்டி முதலிய சில விபரங்களே இதில் அடங்கும். சில மாநிலங்களில் சுகாதாரத் திணைக்களம் இதனை வழங்கும். நியூயோர்க் மாநிலத் திணைக்களம் 1963ஆம் ஆண்டு தொடக்கமுள்ள விவாகரத்துக்களுக்கே இதனைத் தருகின்றது. ரெக்சாஸ் மாநில அலுவலகம் 1968 தொடக்கம் உள்ளவற்றுக்கு ஒரு சரிபார்ப்புக் கடிதம் மாத்திரம் தரும்; அது தீர்ப்பின் பிரதிக்கு ஈடாகாது.

இரண்டாவது, தீர்ப்பாணை. நீதிபதி கையொப்பமிட்டது இதுவே. பிள்ளைகள் யாருடன் வாழ்வர், சொத்து எவ்வாறு பிரியும், மனைவி தன் பழைய பெயரை மீண்டும் பூணலாமா என்பன இதில் இருக்கும். மறுமணம் செய்வோருக்கும் பெயர் மாற்றுவோருக்கும் பெரும்பாலும் வேண்டப்படுவது, நீதிமன்ற முத்திரையுடன் உறுதிப்படுத்தப்பட்ட இதன் பிரதியே. மூன்றாவது, வழக்குக் கோவை முழுவதும்: மனு, மறுமொழி, சாட்சியம் எல்லாம் அடங்கிய கட்டு.

தீர்ப்பாணையிலும் ஓர் எச்சரிக்கை தேவை. நம் நாட்டு மாவட்ட நீதிமன்றம் முதலில் இடைக்காலத் தீர்ப்பையும் பின்னர் முடிவான தீர்ப்பையும் வழங்குவது போல, முற்காலத்தில் கலிபோர்ணியாவிலும் முதற் தீர்ப்புக்கு ஓராண்டின் பின்னரே இறுதித் தீர்ப்புக் கிடைத்தது. முதலாவதை மட்டும் பெற்றுவைத்துக்கொண்டு விவாகம் முடிந்தது என்று எண்ணுவோர், றேச்சலுக்கு நேர்ந்த பிழையையே மீண்டும் செய்பவராவர்.

விண்ணப்பிக்கும் முறை

பத்திரத்தை வைத்திருப்பவரின் பதவிப்பெயர் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ரெக்சாஸில் அவர் மாவட்ட நீதிமன்றப் பதிவாளர். கலிபோர்ணியாவில் மேல்நிலை நீதிமன்றப் பதிவாளர். நியூயோர்க்கில் கவுண்டிப் பதிவாளர். பென்சில்வேனியாவின் பெரும்பாலான கவுண்டிகளில் 'புரோதொனோற்றரி' என்ற பழம்பெயர் பூண்ட அலுவலர். பெயர் எதுவாயினும், இன்று பல கவுண்டிகள் தம் அட்டவணையை இணையத்தளத்தில் வைத்துள்ளன. ஆயினும் பழைய ஏடுகள் யாவும் அதில் ஏறவில்லை. மிகப் பழையவை சில மாநிலச் சுவடிக்கூடங்களுக்கு மாற்றப்பட்டுள்ளன.

விண்ணப்பத்திலே குறிக்க வேண்டியவை: கணவன், மனைவி இருவரின் முழுப்பெயர், மனைவியின் கன்னிப்பெயர், தீர்ப்பு நடந்த ஆண்டு, தெரியாவிடின் இன்ன ஆண்டு முதல் இன்ன ஆண்டு வரை என்ற வரையறை, வழக்கிலக்கம் தெரிந்தால் அதுவும், எவ்வகைப் பத்திரம், உறுதிப்படுத்தியதா சாதாரணப் பிரதியா என்பது. விண்ணப்பிப்பவரின் அடையாளச் சான்றையும் பல அலுவலகங்கள் கேட்கும். கட்டணம் இடத்துக்கிடம் வேறுபடும். தேடுவதற்கே தனிக்கட்டணம் அறவிடுவோரும் உளர். முதலில் விசாரித்து அறிந்து பணம் அனுப்புதலே முறை. பழைய ஏடுகளில் வழக்குத் தொடுத்தவர் பெயரும் எதிராளி பெயரும் வெவ்வேறு அட்டவணையில் இருக்கும். ஆகையால் இரண்டிலும் தேடுமாறு வேண்டிக்கொள்ள வேண்டும்.

எல்லாப் பத்திரமும் எல்லார்க்கும் கிடைக்கும் என்றும் எண்ணலாகாது. பல மாநிலங்களில் யாரும் கேட்டுப் பெறலாம். நியூயோர்க்கிலோ வழக்காளிகள், அவர்களுடைய சட்டத்தரணிகள், நீதிமன்ற உத்தரவு பெற்றோர் ஆகியோருக்கே கோவையைக் காட்டுவர். 1871 ஒக்டோபரில் சிக்காகோவை எரித்த பெருந்தீயிலே குக் கவுண்டி நீதிமன்றமும் அழிந்தமையால், அதற்கு முந்திய ஏடுகளை அங்குத் தேடிப் பயனில்லை.

காகிதத்துக்குள் ஒரு வாழ்வு

"முறிந்த உறவுக்குப் பத்திரம் எதற்கு?" என்று நம் இல்லங்களிலே முதியோர் கேட்பதுண்டு. பத்து ஆண்டுகளாவது மணவாழ்க்கை நடத்திப் பின் பிரிந்த ஒரு பெண், மறுமணம் செய்யாதிருந்தால், 62 வயதின் பின் முன்னாட் கணவரின் உழைப்புக் கணக்கிலே உதவிப்பணம் பெற அமெரிக்கச் சமூகப் பாதுகாப்புச் சட்டம் இடமளிக்கின்றது. அதற்கு மணம் நடந்ததையும் முறிந்ததையும் அவள் நிரூபித்தல் வேண்டும். முதுமையிலே அவளுக்குச் சோறாவது அந்தக் காகிதமே. கடல்கடந்து வாழும் நம் பிள்ளைகளுள் ஒருவர் மறுமணம் நாடினும், முந்திய பந்தம் முடிந்தது என்பதற்கு வாய்ச்சொல் போதாது.

தன் குடும்ப வரலாற்றைத் தேடுவோருக்கும் அது ஒரு வழிகாட்டி. முற்காலத்து அமெரிக்காவில், பிரிந்து வாழ்ந்த பெண்கள் பலர் குடிசனமதிப்பு எடுப்போரிடம் தம்மை 'விதவை' என்றே கூறிக்கொண்டனர். ஊரார் வாய்க்கு அஞ்சிய அச்சொல்லை நம்பி, பாட்டனாரின் மரணப்பதிவை ஆண்டுக்கணக்காகத் தேடும் பேரர்கள் உண்டு. மரணப்பதிவில் இல்லாத பாட்டனார், பக்கத்துக் கவுண்டியின் விவாகரத்துக் கோவையிலே எதிராளியாக நிற்பார்.

அக்கோவையை விரிக்கும்போது ஒன்றை மட்டும் மறத்தலாகாது. அதிலே எழுதியிருப்பது வழக்கில் வெல்வதற்காக ஒருவர்மீது ஒருவர் கூறியது. ஒரு வாழ்வு முழுவதும் அதுவே என்று கொள்ளல் தகாது. றேச்சலைத் தூற்றியவர்கள் அந்த மேர்சர் கவுண்டித் தீர்ப்பையே ஆயுதமாக்கினர். பத்திரத்தைத் தேடுதல் அறிவு. தேடிக் கண்டதை இரக்கத்தோடு வாசித்தல் அதனினும் மேலான பண்பு.