கேழ்வரகு மணியளவில் உடைத்த பரிசல் ஒழுகுமா? தெரியுமா?

ஒகேனக்கல்லில் பரிசல் ஏறியிருக்கிறீர்களா? மூங்கில் பிளாச்சுகளைப் பின்னி, அடியில் ஷீட் போர்த்தித் தார் பூசிய அந்த வட்டக் கூடைக்குள் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது, தெரியுமா? மாபெரும் பந்து ஒன்றின் அடிப்பாகத்தை மட்டும் சீவி எடுத்தது போன்ற வடிவம் அது! பந்தின் மையத்திலிருந்து நீளவாக்கில் எவ்வளவு, அகலவாக்கில் எவ்வளவு, உயரவாக்கில் எவ்வளவு என்று அளந்து, மூன்றையும் வர்க்கப்படுத்திக் கூட்டுங்கள். ஆரத்தின் வர்க்கம் வந்தால் அந்தப் புள்ளி பந்தின் பரப்பின் மேல் இருக்கிறது. ஒரே ஒரு சமன்பாடு, அதற்குள் முழுப் பரிசல்!

ஆனால் கணினியின் ஒரு உலகத்தில் வளைவு என்பதே கிடையாது. எல்லாம் குட்டிக் குட்டிக் கனசதுரங்கள்தான். திரையின் புள்ளிக்குப் பிக்ஸல் என்று பெயர். அதற்குக் கன அளவும் சேர்ந்தால் வாக்ஸல். ஏழடிப் பரிசலை ஏழடிப் பெட்டிக்குள் வைத்து, பக்கத்துக்கு 1,024 என்று பெட்டியை வெட்டினால் ஒவ்வொரு கனசதுரமும் சுமார் 2 மில்லிமீட்டர். நம் தருமபுரிக் கேழ்வரகு மணியைவிடக் கொஞ்சம்தான் பெரிது! மொத்தம் எத்தனை? 107 கோடிக்கும் மேல்! அதில் பரிசல் தொடுவது பத்து லட்சத்தை ஒட்டித்தான். ஆயிரத்துக்கு ஒன்று பரிசல், மிச்சம் எல்லாம் வெறும் காற்று!

அந்த ஒன்றை எப்படிக் கண்டுபிடிப்பது? கனசதுரத்துக்கு எட்டு மூலை. ஒவ்வொரு மூலையையும் சமன்பாட்டில் போட்டு, வந்த கூட்டலிலிருந்து ஆரத்தின் வர்க்கத்தைக் கழித்துப் பாருங்கள். பந்துக்கு உள்ளே இருந்தால் கழித்தல் குறி, வெளியே இருந்தால் கூட்டல் குறி. எட்டும் ஒரே குறியென்றால் விட்டுவிடலாம். குறி கலந்து வந்தால், அதற்குள்தான் பரப்பு புகுந்து போகிறது!

சரி, இப்படிக் கட்டிய பரிசல் காவிரியில் ஒழுகுமா? விளையாட்டுக் கேள்வி இல்லை இது. ஒரு கனசதுரத்தைச் சுற்றி அண்டை வீடுகள் எத்தனை தெரியுமா? 26! முகத்தோடு முகம் ஒட்டியவை 6, விளிம்பில் தொடுபவை 12, மூலையில் மட்டும் தொடுபவை 8. தண்ணீர் முகம் வழியாக மட்டும் போகும் என்று வைத்தால் மெல்லிய சுவரே போதும். மூலை இடுக்கிலும் நுழையும் என்றால் அதே சுவர் சல்லடை! டேனியல் கோஹன்-ஆரும் ஆரி காஃப்மனும் 1995-இல் எழுதிய கட்டுரை, எந்தப் பரப்பு எந்த வகை ஒழுக்கைத் தடுக்கும் என்பதைத்தான் அலசியது.

நம் எட்டு மூலைச் சோதனையில் தேறிய பரிசல்? ஒரு சொட்டுக்கூட ஒழுகாது! காரணம் கேட்டால் மெய்சிலிர்க்கும். மூலை இடுக்கில் நுழையும் தண்ணீராகவே இருக்கட்டும். சுவரைத் தாண்ட வேண்டுமானால் முழுக் கூட்டல் கனசதுரத்திலிருந்து நேராக முழுக் கழித்தல் கனசதுரத்துக்குத் தாவ வேண்டும். ஆனால் அடுத்தடுத்த இரண்டு கனசதுரங்களுக்குக் குறைந்தது ஒரு மூலையாவது பொது. ஒரே மூலை கூட்டலாகவும் கழித்தலாகவும் இருக்குமா என்ன? தாரே பூசாமல் அடைபட்டுவிட்டது பரிசல்!

107 கோடியையும் ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டியதில்லை என்பது இன்னொரு அதிசயம். பெட்டியை எட்டாக வெட்டு, பரப்பு தொடாத துண்டைத் தூக்கிப் போடு, தொடுவதை மறுபடி எட்டாக வெட்டு. பத்தே வெட்டில் கேழ்வரகு அளவு வந்துவிடும்! டொனால்ட் மீகர் 1980-இல் எழுதிய ஆக்ட்ரீ இதுதான்.

1987-இல் நடந்தது தெரியுமா? கணினி வரைகலைக்கான சிக்ராஃப் மாநாட்டுத் தொகுப்பில் அடுத்தடுத்து இரண்டு கட்டுரைகள். 163-ஆம் பக்கத்தில் லாரன்சனும் கிளைனும் வாக்ஸல்களிலிருந்து பரப்பை உருவாக்குகிறார்கள். அது முடிந்ததும் 171-ஆம் பக்கத்தில் காஃப்மன் பரப்பிலிருந்து வாக்ஸல்களை உருவாக்குகிறார்! பாலத்தின் இரு கரைகளும் ஒரே புத்தகத்தில்! சி.டி. ஸ்கேனில் உடம்பு வாக்ஸல்களாகத்தான் பதிவாகிறது. அதிலிருந்து எலும்பின் வடிவத்தைத் திரையில் எழுப்பிக் காட்டுவது முதல் கட்டுரையின் வித்தை.

நம் பக்கத்துக் கதையை விட்டுவிட முடியுமா? தாம்பரம் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1974-இலேயே கோலத்துக்குக் கணினி இலக்கணம் எழுதி, உலக அளவிலான கணினி வரைகலை ஆய்விதழில் வெளியிட்டார்கள்! காஃப்மனின் 1987 கட்டுரைக்கு 13 வருடம் முன்பு! வாக்ஸல்காரர் வளைவை முதலில் வைத்துக்கொண்டு கட்டத்தைத் தேடுகிறார். கோலம் போடுகிறவர் புள்ளியை முதலில் வைத்துவிட்டு, அதைச் சுற்றி வளைவை ஓட்டுகிறார். சிக்குக் கோலத்தில் கம்பி எங்காவது விட்டுப்போனால், வாசலில் நிற்கும் பாட்டி ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்.